சுரண்டி எடுத்த முகம்

பல்லக்கா வரைந்த கடலில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு ஆள் வந்து நின்றான்.

சாயங்காலம் அவள் ப்ரஷைக் கீழே வைக்கும்போது அங்கே யாரும் இல்லை. தண்ணீர், அதற்கு மேல் வானம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, தோள் வரை தண்ணீருக்குள், ஒரு ஆள். முகம் கிடையாது, நிறம் கிடையாது. போர்வைக்குள் ஒருவர் படுத்திருந்தால் தெரிகிற மாதிரி ஒரு மேடு. அதன் மேல் பெயின்ட் பூசினால் போய்விடும். அடுத்த நாள் திரும்ப வந்துவிடும்.

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தவர் டிரெயின்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓவிய வகுப்பில் அவளுக்குப் பக்கத்து ஸ்டாண்ட். முதல் நாள் எல்லோரும் தங்கள் தொழிலைச் சொன்னபோது, "பல் லேப்ல வேலை. பொய்ப்பல் செய்வேன்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், மனிதர் வாயைப் பெரிதாகத் திறந்து, "இது உங்க கம்பெனி சரக்கா பாருங்க" என்று காட்டிவிட்டார். அன்றிலிருந்து பல்லக்கா. ஐம்பது வயதில் புதுப்பெயர் கிடைப்பது லேசில் நடக்கிற காரியமா? அவளும் வைத்துக்கொண்டாள். சொந்தப் பெயரை இங்கே யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

ஏனென்றால் அந்தப் பெயரோடு அவள் தம்பியின் பெயரும் சேர்ந்து வரும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே பட்டறைக்கு எண்ணெய் ஓவியம் கற்றுக்கொள்ள வந்தவன் அவன். இதே கடலில்தான் போனான்.

போனான் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டுப் படம் போடப் போகிறேன் என்று அவன் நின்றபோது வீட்டில் பெரிய சண்டை. "இனிமே இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச நாளில் போலீஸிலிருந்து செய்தி வந்தது. பட்டறைப் பக்கம் கடலில் இறங்குகிற படித்துறையில் அவன் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது என்றார்கள். பிறந்ததிலிருந்து ஒரு செருப்பை வடக்கேயும் ஒன்றைத் தெற்கேயும் கழற்றிப் போடுகிறவன் அவன். ஜோடியாக வைத்தான் என்றால் முடிவு செய்துதான் வைத்திருக்கிறான். அம்மா அப்படித்தான் சொன்னாள். "சொல்லிட்டுத்தானே போனான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். எந்நேரமும் அவனுக்காக ஒருக்களித்தே கிடந்த கதவு அது. அன்றிலிருந்து பட்டப்பகலிலும் தாழ்ப்பாள்தான்.

பட்டறையிலிருந்து அவன் சாமான்களை என்ன செய்யட்டும் என்று போன் செய்தபோது எடுத்தவள் பல்லக்காதான். "தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். அவ்வளவு கோபம். செத்தவன் மேல் கோபப்படக்கூடாது என்பதெல்லாம் செத்தவர் இல்லாத வீட்டில் பேசுகிற பேச்சு.

கோபம் இரண்டு வருடம் தாங்கியது. பிறகு ஒருநாள் லேபில் யாருக்கோ முன்பல் செய்துகொண்டிருந்தவள், செய்து முடித்துப் பார்த்தால் அது தம்பியின் பல். ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும் அவன் முன்பற்கள், அப்படியே. கொடுத்திருந்த அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். தானாகப் போனானா, கடல் எடுத்துக்கொண்டதா? அது ஒன்று தெரிய வேண்டும். தெரியாமல் அவளால் அவனுக்காக அழக்கூட முடியவில்லை.

பட்டறை ஒரு காலத்தில் ஐஸ் ஃபேக்டரியாக இருந்த கட்டடம். குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று சுவரைக் கனமாக எழுப்பி, உள்பக்கம் முழுக்கத் தக்கை ஒட்டி, வாசலுக்கு ஒரு சாண் தடிமனில் கதவு போட்டிருந்தார்கள். ஐஸ் தொங்கிய கொக்கிகளில் இப்போது படங்கள் காய்ந்தன. கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் சாயங்காலக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் படத்தில் ஒட்டிவிடும் என்பதால், வெயில் தாழ்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்திய பிறகு காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். அலைச் சத்தம்கூடக் கேட்காது.

சாத்துகிறவன் பட்டறைக் காவலாளி. அவனுக்கும் டிரெயின்காரர் பெயர் வைத்திருந்தார்: சுண்ணாம்பு. கையில் வெள்ளை பெயின்ட் வாளி இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. சுவர், ஸ்டூல், தண்ணீர்த் தொட்டி என்று எது அசையாமல் நின்றாலும் அடித்துவிடுவான். ஒழுங்கென்றால் உயிர். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வாசலில் எல்லோருடைய செருப்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஜோடி ஜோடியாக வரிசையில் நிற்கும். பழைய மாணவர்கள் விட்டுப்போன கேன்வாஸ்களை வெள்ளையடித்துப் புது மாணவர்களுக்குக் கொடுப்பதும் அவன் பொறுப்பு. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது, ஆகையால் பயிற்சிக்கெல்லாம் பழையதுதான். முதல் நாள் சுவரோரம் அடுக்கியிருந்ததில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். பல்லக்கா அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஏன் அதை எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அவளைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. மணிக்கொரு டீ வேண்டும், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"முதல் பூச்சு மெலிசா, டர்பன்டைன் ஊத்தி. அப்புறம் மேல போகப் போக எண்ணெயைக் கூட்டுங்க. அடியில எண்ணெய் ஜாஸ்தியா இருந்து மேல கம்மியானா, காயும்போது மேல்தோல் வெடிச்சிடும். ஆறு மாசம் கழிச்சு வந்து என்கிட்ட சண்டை போடக்கூடாது."

பல்லக்காவுக்குக் கை ஓடியது. பல்லில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. மஞ்சள் வெள்ளை, சாம்பல் வெள்ளை, பால் வெள்ளை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். முதல் பாடத்தில் அவள் கலந்த வெள்ளையைப் பார்த்து டீச்சரே டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஆனால் முகம் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் வரைய வேண்டும் என்று ஒருநாள் பாடம். டிரெயின்காரரை அவள் வரைந்தது, ஏதோ குற்றம் செய்துவிட்டு ஒளிந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், "அப்படியே விடுங்க, என் பொண்டாட்டிகிட்ட காட்டணும்" என்றார். டீச்சர் விடவில்லை. கலர் கலக்கும் தட்டைக் கத்தியைப் பல்லக்கா கையில் கொடுத்தாள்.

"சுரண்டிடுங்க."

"முழுசாவா?"

"முகம் மட்டும். காயறதுக்குள்ள, இப்பவே. காஞ்சு போச்சுன்னா நாளைக்கு அதோட மல்லுக்கட்டணும். சுரண்டிட்டு, அந்த இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவி வைங்க. காலையில பெயின்ட் வழுக்கிட்டுப் போகும். இது இங்க சட்டம். பிடிக்கலைன்னா சாயங்காலமே சுரண்டு, காலையில வந்து போடு."

பல்லக்கா சுரண்டினாள். ஈரப் பெயின்ட் கத்தியின் ஓரத்தில் சுருண்டு ஒரு வரம்பாக ஒதுங்கியது. லேபில் மெழுகுப் பல்லைச் செதுக்குவதுபோலத்தான். டிரெயின்காரர் தன் முகம் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அந்த வாரம்தான், முதல் நாள் அவள் உருவி வைத்திருந்த கேன்வாஸில், கடல் பாடம் ஆரம்பித்தது. அதற்கு அடுத்த காலையே அந்த ஆளும் வந்துவிட்டான்.

முதலில் டிரெயின்காரர்தான் பார்த்தார். "என்ன பல்லக்கா, யாரையோ குளிக்க அனுப்பிட்டீங்க?" என்று சிரித்தார். மறுநாளும் சிரித்தார். அதற்கு மறுநாள் சிரிக்கவில்லை. தன் ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நாற்பது வருடம் ராத்திரியெல்லாம் தனியாக ரயில் ஓட்டிய மனிதர்.

பல்லக்கா கெட்டியாகப் பூசினாள், மெலிதாகப் பூசினாள், நிறத்தை மாற்றினாள். காலையில் கதவைத் திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்ததும், அதே இடத்தில், அதே தோள். அவள் தூங்காமல் கிடந்த இரவுகளில், பூட்டிய பட்டறைக்குள் அந்த ஆள் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதாகத் தோன்றும். காலையில் போகவே கால் வராது. போகாமலும் இருக்க முடியாது.

கடைசியில் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் படத்தின் பக்கவாட்டில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அடியில பழைய படம் இருக்கு, அதுவும் நல்லா தடிமனா போட்டது. காலையில வாசல் வெளிச்சம் சாய்வா விழுதுல்ல, அப்ப மேடு பள்ளம் தெரியுது. சாயங்காலம் டியூப் லைட்டுல தெரியாது." பிறகு ஒரு மூலையை நகத்தால் நெருடினாள். வெள்ளையும் அதன் மேலிருந்த கடலும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தன. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ்! இங்க வாய்யா! எதைய்யா அடிச்சே இது மேல?"

சுண்ணாம்பு வாளியோடு ஓடிவந்தான். "சுவத்துக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு..."

"எண்ணெய் மேல தண்ணி பெயின்ட் நிக்குமா? எத்தனை தடவை சொல்றது!"

பல்லக்கா இது எதையும் கேட்கவில்லை. பழைய படம் என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். கேன்வாஸைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்கம் மரச்சட்டத்தின் மூலைகளில், துணி விறைப்பாக நிற்பதற்காகச் சிறிய மர ஆப்புகள் அடித்திருந்தன. மூன்று மூலைகளில் வழுவழுவென்று இருந்தன. நாலாவது ஆப்பில் பல் தடம்.

ஆப்பு அடிக்கிறவர்கள் கையில் சுத்தியல் இருப்பதால் அடுத்த ஆப்பை வாயில் கவ்விக்கொள்வார்கள். இவன் வெறுமனே கவ்வவில்லை, யோசித்துக்கொண்டே கடித்திருக்கிறான். பென்சிலைக் கடிப்பான், சட்டைக் காலரைக் கடிப்பான், அடி வாங்கியும் விடமாட்டான். ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறிய இரண்டு முன்பற்கள், மரத்தில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. முகத்தை வேண்டுமானால் அவள் மறந்திருக்கலாம். கடியை மறப்பாளா? வாழ்நாளெல்லாம் பார்த்தது அதைத்தானே. கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் தம்பி போட்ட படம்" என்றாள்.

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவர் கடைசியா போட்டது இதுதான்க்கா. கடல்ல தன்னையே நிக்க வெச்சுப் போட்டுட்டு இருந்தார். முடிச்சாரா இல்லையான்னு நான் பாக்கல. அதுக்கப்புறம் எனக்கு அதைப் பாக்கவும் தைரியம் வரல" என்றாள்.

"முகம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"என்னக்கா?"

"கரையைப் பாத்து நிக்கறானா, கடலைப் பாத்து நிக்கறானா? முகம் தெரியுமா, பின்மண்டை தெரியுமா?"

டீச்சருக்கு நினைவில்லை. பல்லக்கா தன் பையிலிருந்து லேபில் மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். எங்கே போனாலும் அது பையில் இருக்கும். படத்தைத் தரையில் படுக்க வைத்து, குனிந்து, ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். முகமாக இருந்தால் திரும்பி வருகிறவன். பின்மண்டையாக இருந்தால் போகிறவன். இரண்டு வருடமாகத் தேடிய பதில் ஒரு வெள்ளைத் தோலுக்கு அடியில் கிடந்தது.

முதலில் வானம் வந்தது. அவளுடையதைவிட நல்ல வானம். பிறகு தண்ணீர், பச்சையும் சாம்பலுமாகக் கெட்டியாக அள்ளிப் பூசியது. பிறகு தோள்கள். டிரெயின்காரர் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கழுத்து வந்தது. கத்தி முனையை உள்ளே விட்டுக் கடைசித் தோலைத் தூக்கினாள்.

முகமும் இல்லை, பின்மண்டையும் இல்லை.

தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. நெசவு இழைகூடத் தெரிந்தது. "ஐயோ, அதுவும் உரிஞ்சு வந்துடுச்சா?" என்று டிரெயின்காரர் பதறினார். அவள் உரித்த தோலைத் திருப்பிப் பார்த்தாள். அதன் அடியில் ஒரு பொட்டுப் பெயின்ட் ஒட்டியிருக்கவில்லை.

"நீ சுரண்டினியாப்பா?" என்று சுண்ணாம்பைக் கேட்டாள்.

"இல்லம்மா, சத்தியமா இல்ல. இருந்தபடியே மேல அடிச்சுட்டேன்."

அப்போதுதான் அவள் அந்த ஓரத்தைப் பார்த்தாள். வெறும் துணியைச் சுற்றி, பெயின்ட் ஒரு வரம்பாகச் சுருண்டு ஒதுங்கிக் காய்ந்திருந்தது. காய்ந்ததைச் சுரண்டினால் செதிள் செதிளாகப் பெயரும், சுருளாது. ஈரத்தில்தான் அப்படிச் சுருண்டு ஒதுங்கும். வரம்பு இடது பக்கம் கனமாக இருந்தது. தம்பி இடது கைக்காரன், அவன் இழுத்த இழுப்பு. துணியைத் தொட்டாள். காய்ந்த எண்ணெயின் மெல்லிய பளபளப்பு.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "சுரண்டிட்டு எண்ணெய் தடவி வெச்சிருக்கார்."

"அப்படின்னா?" என்றாள் பல்லக்கா. தெரிந்துதான் கேட்டாள். அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"காலையில வந்து முகம் போடறதுக்கு. திரும்ப வராத ஆள் எதுக்குக்கா எண்ணெய் தடவணும்?"

"அப்ப செருப்பு? ஜோடியா வெச்சிருந்தானே? போலீஸ் சொன்னாங்களே?"

வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுண்ணாம்பின் முகம், அவன் அடிக்கிற பெயின்டைவிட வெளுத்துவிட்டது.

"அது நான்தாம்மா வெச்சேன்" என்றான். "அவரு தினமும் படித்துறையில போய்த்தான் கை கழுவுவாரு. பாசி வழுக்கும்னு செருப்பைக் கழட்டி விட்டுட்டு இறங்குவாரு. திசைக்கொண்ணா கிடக்கும். அன்னைக்கு இருட்டறப்ப அந்தப் பக்கம் போனேன். செருப்பு கிடந்துச்சு. காத்துல போயிடுமேன்னு சேத்து வெச்சுட்டு வந்தேன். ஆளு எங்கியோ பக்கத்துல இருக்காருன்னு நெனச்சேம்மா. போலீஸ் யாரும் என்னை எதுவும் கேக்கல. அது ஒரு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியாதே..."

பல்லக்கா அவனைத் திட்டவில்லை. குனிந்து, முகம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "வரத்தாண்டா இருந்தே" என்றாள். "வரத்தானே இருந்தே, பாவி. தினமும் வந்து நின்னியேடா." இரண்டு வருடமாக வராத அழுகை, கேவிக் கேவி வந்தது. டிரெயின்காரர் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அதில் பெயின்ட் அப்பியிருந்தது.

அழுது ஓய்ந்ததும் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். வெயில் தாழ்ந்து காற்று கிளம்பியிருந்தது. படித்துறையில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறாள் என்பதையே அம்மாவிடம் சொல்லாமல் வந்திருந்தாள். இப்போது எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பு, சுரண்டிய முகம், தடவிய எண்ணெய், செருப்பு. "அவன் தானா போகலம்மா. மறுநாள் வேலைக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டு, கை கழுவப் போயிருக்கான். வழுக்கிடுச்சும்மா."

அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கும் சத்தம், நடக்கும் சத்தம். பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். துருப்பிடித்துப் போயிருக்க வேண்டும், இரண்டு மூன்று முறை இழுத்தாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. அம்மா திரும்பி வர வெகுநேரம் ஆனது.

"அப்ப அவன் கத்தியிருப்பானேடி" என்றாள் அம்மா.

பல்லக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வழுக்கித்தானே விழுந்தான்? அப்ப கூப்பிட்டிருப்பானே. யாரையாவது கூப்பிட்டிருப்பான். அங்க அத்தனை பேர் இருந்தாங்கன்னு சொல்றே. ஒருத்தருக்குமா கேக்கல?"

மணல் பறக்க ஆரம்பித்திருந்தது. ஈரப் படங்களில் ஒட்டிவிடும் என்று சுண்ணாம்பு வழக்கம்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு சாண் தடிமனான அந்தக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து பொருந்தியதும், உள்ளே பேசிக்கொண்டிருந்த டீச்சரின் குரலும் டிரெயின்காரரின் இருமலும் அப்படியே நின்றுபோயின.

"கதவு சாத்தியிருந்துச்சும்மா" என்றாள்.